புறவாசல் மீன்குளம்: மோட்டாரா, செடியா?

பாளையங்கோட்டையில் புதுவீடு கட்டிக்கொண்டிருக்கும் டீச்சர் ஒருவர் போன வாரம் கேட்டார். "புறவாசல்ல எட்டுக்கு அஞ்சு அடி இடம் விட்டிருக்கேன் தம்பி. மோட்டாரும் ஃபில்டரும் போட்டுக் குளம் கட்டவா, இல்ல செடிய வச்சு அது பாட்டுக்கு விட்டுரவா? கொத்தனார் நாளைக்கே பதில் கேக்காரு."

நின்ற நிலையில் சொல்லிவிடக்கூடிய பதில் என்னிடம் இல்லை. இரண்டு வகைக் குளத்தோடும் பல வருடமாகப் பழகுகிறேன். சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டில் இருப்பது செடிக்குளம். வள்ளியூரில் அக்கா வீட்டில் அத்தான் கட்டியது மோட்டார்க் குளம். இரண்டிலும் மீன் செத்திருக்கிறது. இரண்டும் இன்று நன்றாக இருக்கின்றன. இரண்டுக்கும் வேறு வேறு குணம், வேறு வேறு பசி. அதைத்தான் டீச்சருக்கு எழுதிக் கொடுத்தேன். அதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதல் பத்து நாள்

எங்கள் குளத்தில் முதலில் விட்டது பன்னிரண்டு தங்கமீன்கள். கடையிலிருந்து கொண்டுவந்த அன்றே எல்லாவற்றையும் ஒன்றாக விட்டோம். பிள்ளைகள் வேளைக்கு ஒருமுறை தீனி போட்டார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம். ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் நாலைந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஒன்றைக் கையில் எடுத்தேன். செவுள் மூடியை மெல்ல விலக்கிப் பார்த்தபோது உள்ளே இரத்தம் கட்டியதுபோல் கன்றிப்போயிருந்தது. வால் ஓரத்தில் சிவப்புக் கோடு. பத்தாம் நாள் முடிவதற்குள் இரண்டு மட்டுமே மிஞ்சின.

தண்ணீர் தெளிவாக இருந்ததால்தான் ஏமாந்தோம். மீன் செவுள் வழியே அமோனியாவை வெளியே விடுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அமோனியாதான் வருகிறது. அது நிறமில்லாதது, கண்ணுக்குத் தெரியாது. பழகிய குளத்தில் ஒரு வகை நுண்ணுயிர் அந்த அமோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு கெடுதல் செய்யாது, செடிக்கும் பாசிக்கும் அது உரம். இந்த நுண்ணுயிர்கள் கல்லிலும் சுவரிலும் செடித்தண்டிலும் வழுவழுப்பாகப் படிந்து பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புதுக்குளத்தில் அவை இல்லை. நாங்கள் ஆளே இல்லாத வீட்டுக்குப் பன்னிரண்டு விருந்தாளிகளை அனுப்பியிருக்கிறோம்.

மோட்டாரானாலும் செடியானாலும் இந்த ஆறு வாரத்துக்குக் குறுக்குவழி இல்லை. கொஞ்சம் சுருக்க ஒரு வழி உண்டு. நன்றாக ஓடும் பழைய குளத்திலிருந்து ஒரு வாளிக் கூழாங்கல்லை ஈரம் காயாமல் கொண்டுவந்து புதுக்குளத்தில் போடலாம். உறை ஊற்றித் தயிர் எடுப்பது போலத்தான். உறை போட்டாலும் முதலில் மூன்று நாலு மீனுக்கு மேல் வேண்டாம்.

தண்ணீர் முதலில்

குளத்தின் வகையைத் தீர்மானிக்கும் முன் உங்கள் தண்ணீரின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண்) எவ்வளவு என்று பாருங்கள். வண்ணமீன் கடையில் சொட்டு மருந்துப் பெட்டி கிடைக்கும். அமோனியா பார்க்கும் பெட்டியையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். மீன் வாங்கும் செலவை விட முக்கியமான செலவு அது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரே அளவு அமோனியா எல்லாத் தண்ணீரிலும் ஒரே அளவு கொல்லாது. தண்ணீரின் சூடு 30 டிகிரியாக இருக்கும்போது, பி.எச். 7.5 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் கொடிய வடிவில் இருக்கும். பி.எச். 8.5 ஆனால் அதே சூட்டில் நூற்றுக்கு இருபது. எட்டு மடங்கு! சேரன்மகாதேவியில் கன்னடியன் கால்வாய் ஓடும் பக்கம் எங்கள் கிணற்றுத் தண்ணீர் மென்மையானது, சோப்பு நன்றாக நுரைக்கும். வள்ளியூரில் அத்தான் வீட்டு போர்த் தண்ணீர் கடினமானது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், பி.எச். எட்டுக்கு மேல். நாங்கள் செய்த தப்பை அங்கே செய்திருந்தால் ஐந்து நாள்கூட ஆகியிருக்காது.

கடினத் தண்ணீருக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. பகலில் பாசியும் செடியும் கரியமில வாயுவை இழுக்கும்போது பி.எச். ஏறும், இரவில் இறங்கும். மென்மையான தண்ணீரில் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும். கடினத் தண்ணீர் அவ்வளவு ஆடாது. கப்பி மீனுக்குக் கடினத் தண்ணீர் ரொம்பப் பிடிக்கும்.

டீச்சர் வீட்டில் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர். அதில் குளோரின் இருக்கும். நிரப்பிய பிறகு ஓரிரு நாள் வெயிலில் திறந்துவிட்டால் போய்விடும். குறைந்த தண்ணீரை நிரப்பும்போதுதான் பலரும் மறந்துபோவது: குழாயை அப்படியே குளத்துக்குள் விடக்கூடாது. ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து ஒருநாள் வைத்திருந்து ஊற்ற வேண்டும். போர்த் தண்ணீரையும் நேரே விட வேண்டாம். பூமிக்கடியிலிருந்து வருவதில் ஆக்சிஜன் குறைவு, உயரத்திலிருந்து சிதறி விழுகிற மாதிரி விட்டால் காற்றுக் கலந்துவிடும்.

வாய்க்கால் தண்ணீர் ஓசியில் கிடைக்கிறதே என்பார்கள் நம் பக்கம். வயலில் மருந்தடித்த வாரத்தில் அந்தத் தண்ணீரில் என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜிலேபி மீன் குஞ்சும் கூடவே வந்துவிடும். நான் எடுப்பதில்லை.

மோட்டார்க் குளம்

எட்டுக்கு ஐந்து, ஆழம் இரண்டரை அடி என்றால் நூறு கன அடி. ஏறக்குறைய 2,800 லிட்டர். இந்தத் தண்ணீர் மொத்தமும் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபில்டர் வழியே போய்வர வேண்டும். அத்தான் போட்டிருப்பது 40 வாட் பம்பு. நாள் முழுக்க ஓடினால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மாதத்துக்கு 58 யூனிட். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் ஒரு நல்ல பங்கைக் குளமே குடித்துவிடும்.

அந்தச் செலவுக்குக் கிடைப்பது என்ன? அதே அளவுக் குளத்தில் அதிக மீன் வைக்கலாம். தண்ணீர் எப்போதும் அசைவதால் ஆக்சிஜன் கலந்துகொண்டே இருக்கும். நம் ஊர்ச் சூட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். சித்திரையில் மதியம் எங்கள் குளத்தின் மேல்தண்ணீரில் கைவைத்தால் குளிக்க வைத்த வெந்நீர் ஆறினதுபோல் இருக்கும்.

ஃபில்டர் என்றதும் அழுக்கைப் பிடிக்கும் சல்லடை என்றுதான் நினைக்கிறோம். அதன் பெரிய வேலை வேறு. அந்தப் பஞ்சும் ஜல்லியும் பிளாஸ்டிக் பந்துகளும் நுண்ணுயிர் குடியிருக்கும் வீடு. அத்தான் இதைத் தெரிந்துகொண்ட விதம் கொஞ்சம் வேதனையானது. ஒரு பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்தபோது குளத்தையும் சுத்தமாக்க வேண்டும் என்று ஃபில்டர் பஞ்சு, ஜல்லி எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்து மாட்டினார். பளிச்சென்று ஆகிவிட்டது. ஒரு வாரத்தில் ஏழு மீன் போயிற்று. அக்கா ஃபோனில் அழுதாள். ஒரு வருடமாக உருவான குடியிருப்பை ஒரே மதியத்தில் காலி செய்ததுதான் காரணம். இப்போது பஞ்சைக் குளத்துத் தண்ணீரிலேயே ஒரு வாளியில் இரண்டுமுறை பிழிந்து திரும்ப வைக்கிறார். ஒருமுறைக்குப் பாதியைத்தான் தொடுவார்.

மின்தடை இன்னொரு கவலை. பம்பு நின்று சில மணி நேரம் ஆனால் மூடிய ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து நுண்ணுயிர்கள் சாகத் தொடங்கும். கரண்டு வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் நேரே குளத்துக்குள் போகும். நெடுநேரம் கரண்டு போயிருந்தால் முதலில் வரும் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டு அப்புறம் குளத்துக்கு விட வேண்டும். பச்சைத் தண்ணீர் தெளிய யு.வி. விளக்கும் சேர்த்து விற்பார்கள். அது மிதக்கும் பாசியைக் கொல்லும், அமோனியாவை ஒன்றும் செய்யாது. தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்ற அதே ஏமாற்றத்துக்கு மறுபடி கொண்டுபோய் விடும் என்பதால் முதல் வருடம் அது வேண்டாம் என்பேன்.

செடிக்குளம்

அந்த இரண்டு மீன்கள் மிஞ்சிய பிறகு நாங்கள் குளத்தைச் செடிக்கு விட்டுவிட்டோம். இரண்டு தொட்டியில் அல்லி, அடியில் வேலம்பாசி என்னும் நீர்ச்செடி, ஓரத்தில் வேர் தண்ணீருக்குள் இருக்கும்படி கல்வாழையும் சேம்பும். செடி அமோனியாவையும் நைட்ரேட்டையும் உணவாக எடுத்துக்கொள்கிறது. அல்லி இலை நிழல் கொடுக்கிறது. நிழல் விழுந்தால் பச்சைப்பாசிக்கு வெயில் கிடைக்காது, சூடும் குறையும். தண்ணீர்ப் பரப்பில் பாதியை இலை மூடியிருக்க வேண்டும். நம் வெயிலுக்கு அதைவிடக் குறைந்தால் குளம் பச்சைச் சாறாகிவிடும்.

அல்லிக்குத் தொட்டி மண்ணாகக் குளத்து வண்டலைப் போடுங்கள், மேலே ஒரு விரற்கடை கூழாங்கல். தொழுவுரம் கலந்தால் அது கரைந்து பாசிக்குத்தான் போகும். நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் விழாத புறவாசல் என்றால் அல்லி பூக்காது, அங்கே சேம்பு போதும்.

ஒன்றை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்: அமலைச் செடி, அதாவது ஆகாயத்தாமரை. ஊதாப்பூ அழகுதான், தண்ணீரில் உள்ள அழுக்கையும் நன்றாக உறிஞ்சும். ஆனால் தாமிரபரணியை அது என்ன செய்திருக்கிறது என்று பார்க்கிறோமே. அதன் ஒரு துண்டு மழைத் தண்ணீரோடு சாக்கடைக்கும் வாய்க்காலுக்கும் போனால் போதும், படித்துறையை மூடிவிடும்.

செடிக்குளத்தின் பலவீனம் இரவு. பகலில் ஆக்சிஜன் தரும் அதே செடியும் பாசியும் இருட்டியதும் மீனோடு போட்டி போட்டு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விடிவதற்குச் சற்று முன்தான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஆகவே உங்கள் குளம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் சாயங்காலம் காற்று வாங்கப் போகும்போது பார்த்தால் போதாது, காலை ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள். மீன் மேலே வாய் பிளக்காமல் அடியில் அசையாமல் நின்றால் நிம்மதி. அப்புறம் முழங்கை வரை கையைத் தண்ணீரில் விடுங்கள். உள்ளங்கை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பாசி அதிகம், தீனியைக் குறைக்க வேண்டிய நேரம்.

மீன் எண்ணிக்கைதான் செடிக்குளத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியது. எங்கள் குளத்தில் இன்று ஆறு தங்கமீனும் கொஞ்சம் கப்பியும் இருக்கின்றன. இதைவிட அதிகம் வைத்த வருடம் பாசி வந்தது.

தொட்டி, மீன், தீனி

சிமெண்டா படுதாவா என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. முதல் குளம் என்றால் படுதா. இடம் பிடிக்கவில்லை, ஆழம் போதவில்லை என்றால் மாற்றலாம், சுண்ணாம்பு பிரச்சினை இல்லை. பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் சீட்டே போதும். கீழே கல் குத்தாமல் பழைய சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். சீட்டுப் போடாமல் மண்குளமாக விடுவது மானூர்ப் பக்கக் கரிசலில் ஒருவேளை நிற்கும், நம் செம்மண்ணில் நிற்காது.

சிமெண்ட்தான் வேண்டும் என்றால் பூசி முடித்ததும் மீன் விடக்கூடாது. புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கி பி.எச். பதினொன்றைத் தொடும். தண்ணீரை நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, வடித்து, மறுபடி நிரப்பி என்று இரண்டு மூன்று வாரமாவது போக வேண்டும். பி.எச். உங்கள் குழாய்த் தண்ணீர் அளவுக்கு இறங்கிய பிறகுதான் மீன். வாழைத்தண்டு போட்டாயிற்று என்பதை நம்பாமல் சொட்டு மருந்தை நம்புங்கள்.

மீனில், 2,800 லிட்டருக்குக் கோய் வேண்டாம். கடையில் விரல் நீளம் இருப்பது இரண்டடி வரை வளரும். ஜிலேபி எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும், குஞ்சு பொரித்து நிரப்பிவிடும், தப்பினால் ஆற்று மீனுக்குக் கேடு. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பது சட்டப்படியே தடை. கொசுப்புழுவுக்குக் கம்பூசியா கொடுப்பார்கள், அது தங்கமீனின் வாலைக் கடிக்கும். அதே வேலையைக் கப்பி செய்யும். தங்கமீன் அழுக்கு அதிகம் போடும் என்றாலும் நாலைந்து இருக்கலாம். ஆற்றிலிருந்து பிடித்து வந்து விடுவதையும் தவிர்க்கலாம். தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய ஒரு கெண்டை வகை இந்த ஆற்றைத் தவிர வேறெங்கும் இல்லை. 1954-ல் சைலஸ் என்ற விஞ்ஞானி அதைப் பதிவு செய்தார். அது ஆற்றிலேயே இருக்கட்டும்.

தீனி விஷயத்தில் நம் கை தாராளம். பாபநாசம் படித்துறையில் நின்று பொரி போட்டுப் பழகிய கை. அங்கே ஆறு ஓடுகிறது, மிச்சம் போய்விடும். வீட்டுக் குளத்தில் மிச்சம் எங்கேயும் போகாது. மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு ஒருமுறை. முதல் ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். மிஞ்சிய சோறு, பரோட்டா எதுவும் குளத்துக்கு வேண்டாம். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடமும் சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டார்கள்.

கோடையில் இந்தப் பரப்புக்கு நாளுக்கு இரண்டு குடத் தண்ணீர் ஆவியாகப் போகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். வள்ளியூர்த் தண்ணீரை மேலும் மேலும் ஊற்றினால் கடினம் கூடிக்கொண்டே போகும். அதனால் நிரப்புவது மட்டும் போதாது, வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீரை எடுத்துத் தென்னைக்கு ஊற்றிவிட்டுப் புதிது விட வேண்டும். முதல் ஆறு வாரம் கால்பங்கு, பிறகு பத்தில் ஒரு பங்கு. நைட்ரைட் ஏறினால் ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ தூத்துக்குடிக் கல்லுப்பு போடுங்கள். உப்பில் உள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் போகவிடாமல் தடுக்கும். அதைவிட அதிகம் போட்டால் செடி வாடும்.

டீச்சருக்குச் சொன்னது

வள்ளியூர், ராதாபுரம் பக்கம் கடின போர்த் தண்ணீரும், பத்துப் பதினைந்து மீன் வேண்டும் என்ற ஆசையும் இருந்தால் மோட்டார்தான். ஆனால் ஃபில்டரைக் கழுவும் பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் மென்மையான தண்ணீரும் நல்ல வெயிலும் இருந்து, ஐந்தாறு மீன் போதும் என்றால் செடிக்குளம். ஊருக்குப் போனால் பத்துநாள் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம்.

டீச்சருக்கு இரண்டுக்கும் நடுவே ஒன்றைச் சொன்னேன். குளத்தின் ஒரு பக்கம் இரண்டடி அகலத்துக்குத் தடுத்து முக்கால் அங்குல ஜல்லி நிரப்பி, அதில் கல்வாழை நட வேண்டும். 20 வாட் பம்பு தண்ணீரை ஜல்லிக்கு அடியில் விட, அது மேலே ஏறிச் சின்ன அருவிபோல் குளத்தில் விழ வேண்டும். ஜல்லியில் நுண்ணுயிர், வேரில் உறிஞ்சல், அருவியில் காற்று. மின்சாரம் அத்தான் குளத்தில் பாதி. கரண்டு போனாலும் திறந்த ஜல்லிப்படுகை மூடிய ஃபில்டர்போல் சட்டென்று கெட்டுப்போகாது. அத்தானும் இப்போது தன் குளத்தில் ஒரு மூலையில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

"கரை எவ்வளவு உயரம் வேணும்?" என்று கொத்தனார் கேட்டார். தரையிலிருந்து ஓரடி என்றேன். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் எங்கள் குளம் தரைமட்டக் கரையைத் தாண்டி வழிந்து, மூன்று தங்கமீன் வாசலோடு போய்விட்டன. உபரித் தண்ணீர் போக வலை கட்டிய குழாய் ஒன்றும், மாடித் தண்ணீர் குளத்தில் இறங்காமல் இருக்கத் திருப்பமும் வேண்டும். தை பிறந்ததும் நிரப்பினால் வெயில் ஏறுவதற்குள் ஆறு வாரம் கடந்துவிடும், சித்திரைக்குள் அல்லி பாதிக்குளத்தை மூடிவிடும். டீச்சர் இப்போது படுதாவுக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் குளத்திலிருந்து ஒரு வாளிக் கூழாங்கல்லை ஈரச்சாக்கில் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.